காட்டு முகாமின் நான்கு நெறிகள் வந்த வழி

கர்த்தருக்குள் பிரியமான அண்ணி அவர்களுக்கு,

உங்கள் நாத்தனார் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் இரத்த அழுத்தமும் கிருபையால் நலம். அண்ணனும் நீங்களும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

பெண்கள் வேதபாட முகாம் முடிந்து நேற்றுத்தான் காட்டிலிருந்து திரும்பினேன். நடந்ததை உங்களிடம் ஒப்புக்கொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மரத்தில் நாம் அடித்துவைத்த பலகை அப்படியே இருக்கிறது: மௌனம், எளிமை, பாரம் சுமப்பது, உண்மை. இந்த வருடம் புதிதாக வந்த பல் டாக்டர் பெண் அதைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இந்த நாலு நெறியையும் எப்படித் தேர்ந்தெடுத்தீங்க? ரொம்ப நாள் உபவாசம் இருந்தீங்களா?" என்று கேட்டாள். முப்பது பெண்களும் நோட்டைத் திறந்துவிட்டார்கள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் கண் நாலாவது நெறியில் போய் நின்றுவிட்டது, அண்ணி. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

இருபத்தாறு வருடத்துக்கு முன் எட்டுப் பேர் ஒரே கூடாரத்தில் படுத்ததையும், தீப்பெட்டியை மறந்தது யார் என்று நீங்களும் நானும் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியதையும், எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாமல் மற்ற ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டதையும், பார்க்க வந்த பாஸ்டரம்மா அதைத் தியானம் என்று நினைத்து உருகியதையும் சொன்னேன். அரிசி மூட்டை ஓடையில் உருண்டதால் இரண்டு நாள் ரொட்டியும் வாழைப்பழமும் தின்றோம், அதுதான் எளிமை. மூன்றாம் நாள் நீங்கள் குழியில் காலை விட்டுச் சுளுக்கிக்கொண்டீர்கள். நானும் நம்மோடு வந்த தையற்காரம்மாவும் ரோடு வரை உங்களை மாறி மாறிச் சுமந்தோம். என் முதுகில் உட்கார்ந்துகொண்டே நீங்கள் என்னிடம் பேசாமல், "இடது பக்கம் போகச் சொல்லு அவளை" என்று தையற்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தீர்களே! பஸ்ஸில் ஏறிய பிறகுதான், "ரொம்ப பாரமா இருந்தேனா?" என்று என்னிடம் கேட்டீர்கள். "ஆமா" என்றேன். நாம் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் பயந்து எழுந்து வந்தார். நாலாவது நெறி அந்த பஸ்ஸில் பிறந்தது.

முகாமில் யாரும் சிரிக்கவில்லை. மானம் போயிற்று என்று உட்கார்ந்திருந்தேன். பல் டாக்டர் நோட்டை மூடிவிட்டு மெதுவாக, "நானும் எங்க அண்ணியும் ரெண்டு வருஷமா பேசிக்கறதில்ல, ஆன்ட்டி" என்றாள். பிறகு எழுந்து, போன் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குத் தனியாக ஏறிப்போனாள். ஒரு மணி நேரம் கழித்து வீங்கிய கண்ணோடு இறங்கி வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். அப்போது உங்களை நினைத்துக்கொண்டேன். காட்டில் ஏறி இறங்கக்கூடாது என்று உங்கள் டாக்டர் சொன்னதிலிருந்து மூன்று வருடமாக, கூடாரத்தில் என் பக்கத்து இடத்தில் யார் யாரோ படுக்கிறார்கள். ஒருத்திக்கும் உங்களைப் போலக் குறட்டை விடத் தெரியவில்லை. எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

காடும் கஷ்டமும் இல்லாமல் நமக்கு ஒரு நெறியும் வந்திருக்காது. ஆகவே கடைசி மூச்சு வரை தரையில் படுத்து, ஓடையில் குளித்து, பழைய முறையிலேயே நடத்த வேண்டும் என்று நாளைக்குக் கமிட்டியில் கண்டிப்பாகப் பேசப்போகிறேன்.

அண்ணனுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டிலேயே தங்கியிருப்பாராக.

உங்கள் அன்பு நாத்தனார்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் கமிட்டி கூடிவிட்டது. அடுத்த வருடம் காட்டோர விடுதியில் முகாம். கட்டில், மெத்தை, வெந்நீர் எல்லாம் உண்டு. முதலில் கை தூக்கியவள் நான்தான். வாசல் வரை கார் போகும், படி ஒன்றுகூடக் கிடையாது. அறைக்கு இரண்டு பேர் என்றார்கள், உங்கள் பேரைக் கொடுத்துவிட்டேன்.