கழுவக் கூடாத முத்து

மூடிப்போன மெத்தைக் கடையின் மாடியில் கேசானந்தர் அவதரித்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் வரிசை தெருமுனை தாண்டிப் போய்விட்டது. வழுக்கையில் அவர் ஊதினால் மறுவாரமே சீப்பு வாங்க வேண்டியிருக்கும் என்று பேச்சு. ஒருவருக்கு உள்ளங்கையில்கூட முடி முளைத்ததாம்! அந்த ஒருவரை யாரும் பார்த்ததில்லை. பார்த்தவரைத் தெரிந்தவர்கள் மட்டும் நிறையப் பேர் இருந்தார்கள்.

வாசலில் பழைய கடைப் பலகை அப்படியே தொங்கியது: ‘கண்ணை மூடுங்கள், மற்றதை எங்களிடம் விடுங்கள்.’ மெத்தைக்காக எழுதியது. பக்தர்கள் அதையும் அருள்வாக்கு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கேசானந்தரின் முடி இடுப்பு வரை தொங்கும். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அப்படித்தான் என்று அவரே ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வரிசையில், தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று செருப்பையே பார்த்தபடி நின்றார் உயிரியல் டீச்சர். ஆமாம், உயிரியல்தான்! தைராய்டு சுரப்பியைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். கழுத்தில் உட்கார்ந்த பட்டாம்பூச்சி மாதிரி, இரண்டு சிறகும் ஒரே அளவில் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக வரைகிறார்.

இப்போது டீச்சரின் சொந்தப் பட்டாம்பூச்சி சோம்பேறியாகிவிட்டது. உடம்பு கனத்தது. உட்கார்ந்தால் தூக்கம் வந்தது. முடி மட்டும் சுறுசுறுப்பாகக் கொட்டியது. டாக்டர் ரத்தம் பார்த்து, தைராய்டு குறைவு என்று மாத்திரை எழுதினார். “காலையில வெறும் வயித்துல, தண்ணியோட முழுங்கணும். ஒரு மணி நேரம் காபி கூடாது. ஒரு நாள்கூட விடக் கூடாது. முடி கொட்டறது நிக்க மாசக்கணக்காகும், பொறுமையா இருங்க” என்றும் சொன்னார்.

டீச்சர் காதில் விழுந்தது ‘மாத்திரை’ என்ற ஒரே சொல்தான். அதைக் காபியோடு முழுங்கினார். சனிக்கிழமை மறந்தார். ஞாயிற்றுக்கிழமை சுரப்பிக்கும் லீவு. ஒரு வார்த்தை மறந்து பரீட்சை எழுதும் பிள்ளைக்கு அரை மார்க் குறைக்கிறவர், தன் விடைத்தாளில் இப்படிக் கோட்டை விட்டார்.

மூன்று மாதத்தில் வகிடு நடைபாதையாகி, நடைபாதை ரோடாகிவிட்டது. ஒருநாள் காலையில் தலையணையில் கிடந்த முடியை எண்ணினார். எண்பத்தேழு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பதினைந்து வருடமாக வழுக்கையோடு நிம்மதியாக வாழும் கணவர் வெளியே நின்று, “அழாதே, தலைக்கு எண்ணெய்ச் செலவு மிச்சம்” என்று ஆறுதல் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு நாள் அவருக்கு வீட்டில் பேச்சுத்துணை இல்லை.

கேசானந்தர் ஆறுதல் சொல்லத் தெரிந்தவர். டீச்சரின் முடி ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “யாரோ உன் பின்னலைப் பாத்துப் பெருமூச்சு விட்டிருக்காங்கம்மா.”

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான புதிதில் நாத்தனார் சொன்னாளே, ‘அண்ணி, உங்க முடியில பாதி எனக்கு இருந்தாப் போதும்’ என்று! குற்றவாளி அகப்பட்டுவிட்டாள். பெருமூச்சு விடாத சொந்தக்காரர் உலகத்தில் யாருக்காவது உண்டா என்று டீச்சர் யோசிக்கவில்லை.

கேசானந்தர் கரிநிற முத்துகள் கொண்ட டப்பாவை நீட்டினார். மிளகைவிடக் கொஞ்சம் பெரியவை. “விடியற்காலையில வெறும் வயித்துல முழுங்கணும். ஒரு மணி நேரம் காபி, டீ கூடாது. ஒரு நாள் விட்டாலும் சக்தி போயிடும். ஈரக் கை படக் கூடாது, கழுவவே கூடாது. டாக்டர் மாத்திரையை இன்னிக்கே நிறுத்திடு. ரெண்டு சக்தி ஒரு உடம்புல தங்காது.”

கழுவக் கூடாத முத்து வாய்க்குள் போனதும் நனையத்தானே செய்யும்? டீச்சருக்குக் கேட்கத் தோன்றவில்லை. டாக்டர் சொன்னபோது கசந்த அதே விதி, இங்கே விரதமாக இனித்தது. அலாரம் வைத்து எழுந்தார். தொண்ணூறு நாளில் ஒரு நாள் தவறவில்லை.

முடி கொட்டுவது நின்றது! நெற்றியோரம் குட்டிக் குட்டியாக முளைவிட்டது. டீச்சர் துணியைக் கழற்றி வீசிவிட்டுப் பள்ளிக்கூடம் முழுக்கக் கேசானந்தர் புகழ் பாடினார். பாட்டு டீச்சரையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம், அதனால் முடி கொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் ஒரு கோளாறும் கிடையாது.

அவளுக்கும் அதே முத்துதான், அதுவும் வேளைக்கு இரண்டாக. ஆறே வாரத்தில் பாட்டு டீச்சர் இளைத்துப் போனாள். கை நடுங்கியது. இரண்டு வரி பாடினால் மூச்சு வாங்கியது. முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டியது. “அருள் இறங்குதும்மா, நடுக்கம் நல்ல சகுனம்” என்றார் கேசானந்தர். வரிசையில் நின்ற எல்லோரும் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள். டீச்சருக்கே கொஞ்சம் பொறாமைதான். தனக்கு ஏன் நடுங்கவில்லை?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேசானந்தரின் பெரிய கூட்டம். படித்தவர், அதிலும் உயிரியல் படித்தவர், மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். டாக்டர் சீட்டை எல்லோர் முன்னாலும் கிழிக்க வேண்டும் என்று ஏற்பாடு. டீச்சர் புதுச் சேலை எடுத்து வைத்தார்.

முந்தைய நாள் நாத்தனார் வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அண்ணனின் நச்சரிப்பால் அந்த வாரம்தான் அண்ணியின் ரத்தத்தை எடுத்துப் போயிருந்தாள். கையில் முடிவு இருந்தது.

“அண்ணி, மாத்திரையை ஒழுங்காப் போடறீங்க போல. அளவு சரியா வந்திருக்கு.”

“மாத்திரையா? அதை நிறுத்தி நாலு மாசத்துக்கு மேல ஆச்சு! எல்லாம் முத்து. உன் பெருமூச்சையும் மீறி வேலை செஞ்சிருக்கு.”

“என் பெருமூச்சா?” நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது. “மாத்திரை இல்லாம இந்த அளவு வராதே அண்ணி. அந்த முத்தைக் கொஞ்சம் கழுவிப் பாப்போமா?”

“ஐயையோ, கழுவக் கூடாது!”

“ஏன் கூடாது?”

டீச்சர் முத்து டப்பாவை மெல்லத் திறந்தார். இருபத்திரண்டு வருடமாக வகுப்பில் தான் கேட்டுக்கொண்டிருக்கும் ‘ஏன்’, இப்போது தன் சமையலறையிலேயே தன்னைப் பார்த்து நின்றது.

நாத்தனார் ஒரு முத்தை எடுத்து ஈரத்துணியால் இரண்டு தடவை தேய்த்தாள். கரியும் பசையும் கழன்றன. உள்ளேயிருந்து சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை எட்டிப் பார்த்தது. நடுவில் கோடு, கோட்டுக்குக் கீழே நூறு என்ற எண். டீச்சர் அலமாரியைத் திறந்து, காபிக் காலத்தில் மிச்சம் வைத்த அட்டையிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அச்சு அசல்.

“அப்ப எனக்கு முடி வளர்ந்தது...”

“டாக்டர் மாத்திரையாலதான். சாமியார் சொன்னதும்தான் சரியாப் போட்டிருக்கீங்க.”

டீச்சருக்கு வெட்கத்தில் காது சுட்டது. அப்புறம் சட்டென்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். “ஐயோ, பாட்டு டீச்சர்! கைக்குழந்தைக்காரி! நான்தானே கூட்டிட்டுப் போனேன்!”

ஓட்டமாக ஓடினார்கள். நாத்தனார் பாட்டு டீச்சரின் நாடியைப் பிடித்தாள். நிமிடத்துக்கு நூற்று முப்பது. அப்படியே டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். “இன்னும் ஒரு மாசம் போயிருந்தா இதயம் என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது” என்றார் டாக்டர். டீச்சர் அன்று முழுக்க அந்தக் குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மறுநாள் மாடி நிரம்பி வழிந்தது. புதுச் சேலையில் டீச்சர் மேடையேறினார்.

“என் பேச்சை நம்பி இங்க வந்தவங்க நிறைய. முதல்ல மன்னிப்புக் கேட்டுக்கறேன். என்னை மாதிரி ஒரு முட்டாளை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க.”

கூட்டம் முன்னால் சாய்ந்தது. டீச்சர் கேசானந்தரின் தட்டிலிருந்தே ஒரு முத்தை எடுத்து, நனைத்து, துடைத்து, தூக்கிக் காட்டினார். “உங்க கையில இருக்கறதையும் கழுவிப் பாருங்க.”

தண்ணீர் பாட்டில்கள் திறந்தன. ஒவ்வொரு உள்ளங்கையிலும் கரி வழிந்து, ஒரு கோடு, ஒரு நூறு.

கேசானந்தர் அசரவில்லை. “பாத்தீங்களா! ஈரம் பட்டதும் தெய்வம் கோவிச்சுக்கிட்டு மாத்திரையா மாறிடுச்சு!”

முன்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள். டீச்சர் தட்டிலிருந்து இன்னும் நாலு முத்துகளை அள்ளினார்.

“சரி சாமி. கழுவாத முத்து இதோ நாலு இருக்கு. நீங்களே முழுங்குங்க.”

“ஐயையோ, எனக்கு ஆகாது! எனக்கு ஏற்கனவே நெஞ்சு படபடப்பு!” என்று அலறிவிட்டார் கேசானந்தர்.

பின்வரிசையில் நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு பாட்டு டீச்சர் எழுந்தாள். நடுங்கும் கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள்.

“அப்ப என் நெஞ்சு?”

அதற்குமேல் கூட்டத்துக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்படிக்கட்டில் இறங்கப் பார்த்த கேசானந்தரை மடக்கிப் போலீசில் ஒப்படைத்தார்கள். பழைய மெத்தைகளுக்குள் மூட்டை மூட்டையாக மாத்திரை அட்டைகள் இருந்தன.

டீச்சர் படியிறங்கும்போது நாற்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். “அப்ப முடி வளர நாங்க என்னதான் செய்யறது டீச்சர்?”

“முதல்ல ரத்தம் பாருங்க. எதனால கொட்டுதுன்னு டாக்டர் சொல்வார். எனக்குச் சொன்னது, காலையில வெறும் வயித்துல...”

உடனே பேனாக்கள் வெளியே வந்தன. பயபக்தியோடு ஒருவர் கேட்டார்: “எந்தத் திசையைப் பாத்து முழுங்கணும் டீச்சர்?”

டீச்சர் அவரைப் பார்த்தார். தலைக்கு மேலே தொங்கிய மெத்தைக் கடைப் பலகையைப் பார்த்தார். தன்னுடைய பழைய முகம்தான் எதிரே நின்றது.

“ஐயா, தலைக்கு மேல முளைக்கறதைப் பத்தி மாசக்கணக்காக் கவலைப்பட்டோம். தலைக்குள்ள இருக்கறதை ஒரு நிமிஷமாவது வேலை வாங்கியிருக்கலாம். அது கொட்டிப்போனா மறைக்கத் துணிகூடக் கிடைக்காது. முதல்ல யாராவது ஏணி கொண்டாங்க, அந்தப் பலகையைக் கழட்டுவோம்.”