ஹாலோவே எப்போது கிளம்புவார்?

இது நடந்தது ஏப்ரலிலா மே மாதத்திலா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. அதிபர் ரூக்கர் பதவியேற்ற இரண்டாம் ஆண்டு என்று நினைக்கிறேன். அதுவும் பிசகாக இருக்கலாம். நீல் லண்ட்கிரன் என் எதிர் மேசையில் உட்கார்ந்து ஒரு சாண்ட்விச்சைக் கடிக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

வெள்ளை மாளிகையின் சட்டப் பிரிவில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம்.

“ஹாலோவே அடுத்த வருஷத்துக்கு நாலு உதவியாளர்களைச் சேர்த்துட்டாராம்” என்றான் நீல்.

என் காப்பியை அவன் பக்கம் நகர்த்தினேன். துக்க வீட்டில் என்ன சொல்வது?

வாஷிங்டனில் ஓர் உச்சநீதிமன்ற நீதிபதியிடம் “எப்போது ஓய்வு பெறப்போகிறீர்கள்?” என்று யாரும் கேட்பதில்லை. சாகும்வரை உட்காரலாம் என்று சட்டம் சொல்லும்போது அப்படிக் கேட்பது, எப்போது சாவீர்கள் என்று கேட்பதுபோல் ஆகிவிடும். அதனால் குறிப்பறிவோம். அடுத்த ஆண்டுக்கு உதவியாளர்களைச் சேர்க்காவிட்டால் கிளம்புகிறார். சேர்த்தால் உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி எஸ்ரா ஹாலோவேக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் போனால் டுலூத் நகரத்து மத்திய நீதிமன்ற நீதிபதி ஒருவரை அந்த இடத்துக்கு உயர்த்துவதென்றும், டுலூத்தில் காலியாகும் நாற்காலி நீலுக்கென்றும் முடிவாகியிருந்தது. அதை நம்பி நீலின் மனைவி மாரிட், இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு முன்னாலேயே டுலூத்துக்குக் குடிபோய்விட்டாள். நீல் இங்கே சாண்ட்விச்சோடு இருந்தான்.

கெடுத்தது அதிபரின் ஒஹாயோ பேச்சு.

“நான் பழசைக் காப்பாத்தற ஆளு. பழசாப் போனதை இல்ல” என்று ஆரம்பித்தார் ரூக்கர். “நீதிபதிக்குப் பதினெட்டு வருஷம் போதும். ஆயுசு முழுக்க உக்காந்தா அது ராஜா பதவி. மனுஷனுக்கு எப்பக் கிளம்பணும்னு தெரியணும்.”

இதுவரை நீல் எழுதிக்கொடுத்தது. கைதட்டல் பலமாக இருக்கவே அதிபர் சொந்தமாகவும் கொஞ்சம் சேர்த்தார்.

“அங்க ஒருத்தர் வாதம் நடக்கறப்பவே தூங்கறாரு. எழுப்பிடாதீங்க. எழுந்தா நமக்கு எதிரா தீர்ப்பு எழுதுவாரு.”

மறுநாள் ஹாலோவே அந்த நால்வரைச் சேர்த்தார்.

“சமாதானப்படுத்தி ஒரு அறிக்கை விட்டா?” என்றேன்.

நீல் அன்றே எழுதினான். பதினெட்டு வருட வரம்பு இனி வருபவர்களுக்கு மட்டும்; ஹாலோவே போன்றவர்களின் அனுபவம் நாட்டின் சொத்து. அதிபர் பல்லைக் கடித்துக்கொண்டு அதை வாசித்தார்.

ஹாலோவே நீதிமன்றத்தில் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். “நான் நாட்டோட சொத்தாம். சொத்து எழுந்து போகலாமா?” அந்த வாரமே தன் அறைக்குப் புதுக் கம்பளம் போட்டுக்கொண்டார்.

“கம்பளம் எத்தனை வருஷம் உழைக்கும்?” என்று மாரிட் தொலைபேசியில் கேட்டது எனக்கே கேட்டது.



அடுத்ததாக நீல் எங்கள் ஊரின் இன்னொரு வழக்கத்தைக் கையிலெடுத்தான்: பெயர் சொல்லாமல் பத்திரிகைக்குச் செய்தியைக் கசியவிடுவது. ஹாலோவேயின் மனம் மொன்டானா ஆற்று மீன்களை நாடுவதாக, ‘பெயர் வெளியிட விரும்பாத மூத்த அதிகாரி’ ஒருவர் ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். மீன் ஆசையைப் படித்துவிட்டு ஊரே அவரை வாழ்த்தி வழியனுப்பும் என்பது நீலின் கணக்கு. பத்திரிகையோ, ‘நீதிபதியை நெருக்குகிறது வெள்ளை மாளிகை’ என்று தலைப்புப் போட்டது.

போன வருடம் ஒரு தீர்ப்புக்காக ஹாலோவேயின் உருவ பொம்மையைக் கொளுத்திய எதிர்க்கட்சி இளைஞர்கள், இப்போது அவர் முகம் போட்ட சட்டையோடு நீதிமன்றப் படிகளில் கூடினார்கள். வைட்டமின் மாத்திரைகளையும் கட்டுக்கட்டாகக் கீரையையும் வைத்துவிட்டுப் போனார்கள். ‘ஐயா, மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள்’ என்று ஒரு பலகை.

அதிபர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன்.

“நீல், கிழவர் டிவியில தண்டால் எடுக்கறாரு. பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

“எத்தனை எடுத்தாரு?”

“பதினெட்டு சார்.”

நான் என் பேனாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்த மூத்த அதிகாரி யாருன்னு நான் கேக்கப் போறதில்ல” என்றார் ரூக்கர். “ஆனா அந்த ஆளு டுலூத் பக்கம் போற ஆசையை மறந்துடலாம்னு அவன்கிட்ட சொல்லிடு.”

“சொல்லிடறேன் சார்.”

அந்தச் சனிக்கிழமை நீல் ஒரு தூண்டில் வாங்கினான். ஹாலோவே வீட்டுக்குப் போய், அதிபரின் அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவதாகத் திட்டம். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டான்.

கதவைத் திறந்தது ஹாலோவேயின் மனைவி வின்னி. உள்ளே மூன்று பெண்கள் சீட்டாட்டத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

“பின்னாடி தோட்டத்துல இருக்காரு. சீக்கிரம் பேசிட்டுக் கிளம்புங்க.”

ஹாலோவே தூண்டிலை வாங்கி, வளைத்துப் பார்த்தார். இல்லாத ஆற்றில் ஒருமுறை வீசினார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். மௌனங்களை நான் கவனிப்பவன். அது பிடிவாதக்காரனின் மௌனமாகத் தெரியவில்லை.

“நல்ல தூண்டில்” என்றார் கடைசியில். பிறகு சமையலறை ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினார். “அடுத்த வருஷம் பெரிய பெரிய வழக்கெல்லாம் வருது. நான் இல்லாம எப்படி?”

மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தோம். வின்னி கார்வரை வந்தார்.

“அவரைத் திட்டாதீங்க தம்பி. ஆறு வருஷமா விலகறேன் விலகறேன்னுதான் சொல்றாரு. நான்தான் விடல.”

நீல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான். “நீங்களா? ஏம்மா?”

“ஒரு கிறிஸ்துமஸுக்கு ரெண்டு வாரம் வீட்ல இருந்தாரு. பாத்திரம் கழுவற மெஷின்ல நான் தட்டு அடுக்கறது செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னாரு. காரணம் ஒண்ணு, காரணம் ரெண்டுன்னு விளக்கம் வேற. ஆயுசு முழுக்க இதைக் கேக்கணுமா?” அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். “அதிபர் பேசினாரு, பத்திரிகை பேசிச்சு. என்கிட்ட ஒருத்தரும் கேக்கல.”

உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீல் அப்போது கேட்டான். அந்த வசந்தத்தில் அவன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

“தினமும் காலைல போய் சாயங்காலம் வரணும்” என்றார் வின்னி. “மத்தியானச் சாப்பாடு அங்கேயே. எப்ப முடியும்னு தேதி மட்டும் இருக்கவே கூடாது.”

திங்கட்கிழமை அதிபரின் மேசையில் நீல் ஓர் உத்தரவை வைத்தான். உச்சநீதிமன்றச் சீர்திருத்தத்தை ஆராய ஒரு கமிஷன், தலைவர் ஹாலோவே.

“எத்தனை வருஷத்துக்கு?”

“காலவரம்பு இல்ல சார்.”

“பதவிக்கு வரம்பு வேணும்னு ஆராயற கமிஷனுக்கே வரம்பு இல்லையா? யாருய்யா கேட்டது இதை?”

“அவர் சம்சாரம் சார்.”

ரூக்கர் தன் குடும்பம் வசிக்கும் மாடிப் பக்கம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஹாலோவே ஜூன் கடைசியில் ஓய்வு பெற்றார். நீல் இப்போது டுலூத்தில் நீதிபதி. அந்தப் பதவியும் ஆயுசுக்குத்தான். பதினெட்டு வருட மசோதா செனட்டில் படுத்துவிட்டது. கமிஷன் இன்னும் கூடுகிறது, மதியச் சாப்பாடு பிரமாதம் என்கிறார்கள். நான் பால்டிமோரில் சட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். ரூக்கர் இரண்டு தவணையும் முடித்து, எப்போது கிளம்ப வேண்டும் என்று தெரிந்த மனிதராக ஒக்லஹோமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்கு அடுத்த வாரம் அவர் மனைவி தன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டதாக வின்னிதான் என்னிடம் சொன்னார்.

“அக்கா, உங்க கமிஷன்ல நாற்காலி ஏதாவது காலி இருக்கா?”