நான் காப்பாற்றிய அரிசி மூட்டைகள்

நான் பெரிய தைரியசாலி இல்லை. கரப்பான் பூச்சி பறந்தால் கட்டில்மேல் ஏறிவிடுகிற ரகம். அப்படிப்பட்டவன், கொட்டுகிற மழையில் தன்னந்தனியாக சர்க்கார் அரிசியைக் காப்பாற்றியதாக ஓர் அதிகாரியிடம் அளந்தேன் என்றால், என் நிலைமை எவ்வளவு மோசமாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். போர்ட் பிளேரில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில், அக்கா வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்தேன். சர்க்கார் குடோனுக்கு ஆள் எடுத்தார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் அடுத்த கப்பலில் மெயின்லேண்டுக்குத் திரும்பி, பெரியப்பாவின் பாத்திரக்கடையில் உட்கார வேண்டும் என்று அப்பா தந்தியே அடித்துவிட்டார். (பெரியப்பாவுக்குக் கரப்பான் பூச்சி எவ்வளவோ தேவலை.)

இன்டர்வியூ எடுக்கும் பெங்காலி அதிகாரி வழக்கமாக என்ன கேட்பார் என்று அத்தானுக்குத் தெரியும்: நெருக்கடியில் நீ என்ன செய்தாய், ஓர் உதாரணம் சொல்.

"என்னால முடியும் சார்னு மொட்டையாச் சொல்லாத மாப்ள. இப்படி ஆச்சு, நான் இதைச் செஞ்சேன், இப்படி முடிஞ்சதுன்னு சொல்லணும்" என்றார் அத்தான்.

சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. அத்தானே பெரிய மனது பண்ணி ஒரு கதை கொடுத்தார். கப்பல் ஜெட்டியில் அரிசி இறங்குகிறது. திடீர் மழை. தார்ப்பாய் இல்லை. நான் ஓடிப்போய், பக்கத்துக் கல்யாணப் பந்தலின் தார்ப்பாயை அவிழ்த்து வந்து மூடுகிறேன்.

இன்டர்வியூவில் இதை ஹிந்தியில் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். மழைச் சத்தத்தைக்கூட விடவில்லை. அதிகாரி கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். மனிதர் உருகிவிட்டார் என்று நினைத்தேன்.

கல்யாணம் என்ன ஆயிற்று என்றார். (அத்தான் அதைச் சொல்லித்தரவில்லை.) நனைந்துகொண்டே நடந்தது என்றேன்.

"தேக்கோ பேட்டா, காலையிலேருந்து நீ நாலாவது ஆளு. முன்னாடி வந்த மூணு பேரும் இதே அரிசியத் தனியாத்தான் காப்பாத்துனாங்க."

டெலானிபூரில் வேலையில்லாத தமிழ்ப் பையன்கள் எல்லாருக்கும் அத்தான்தான் கோச்சிங் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாத்திரக்கடை கண்முன் வந்து நின்றது. வாய் தானாகப் பேசியது.

"நாங்க நாலு பேரும் சேர்ந்துதான் சார் மூடினோம்."

அதிகாரி சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்தவர்தான் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. நான்கு பேருக்கும் வேலை. ஆனால் ஹட் பேயில். லிட்டில் அந்தமானில், கப்பல் வந்தால்தான் கடுதாசியே வரும் இடம். அங்கே மழை அதிகம், உங்களைப் போன்றவர்கள்தான் தேவை என்று அதிகாரி சொல்லியனுப்பினார்.

அங்கே போய்ச் சேர்ந்த முதல் மாதமே மழை பிடித்துக்கொண்டது. ஜெட்டியில் மூட்டைகள் கிடந்தன. இந்த முறை தார்ப்பாயும் இருந்தது. மற்ற மூவரில் யாராவது மூடியிருப்பார்கள் என்று நான் டீக்கடையில் நிம்மதியாக ஒதுங்கினேன். திரும்பிப் பார்த்தால், மூன்று பேரும் என் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று வாங்கிய திட்டை அச்சில் ஏற்ற முடியாது.

இன்றும் கொடியில் துணி நனைய, நான் பார்த்துக்கொண்டு நின்றால் என் மனைவி சத்தம் போடுவதில்லை. "ஏங்க, மத்த மூணு பேரும் எங்க?" என்று மட்டும் கேட்கிறாள்.