நடுக்கடலில் நின்ற கதை

ஆர்வக்கோளாறுக்கு மாத்திரை இருந்திருந்தால் எங்கள் வீட்டில் அதை எனக்குச் சோற்றில் கலந்தே கொடுத்திருப்பார்கள். போன வருடம் அந்த நோய் முற்றிய ஒரு மாலையைச் சொல்கிறேன்.

அபீனா மேடையில் கதை சொல்கிறவர். அம்மாவுக்கு ஆப்பிரிக்காவின் கானா, அப்பாவுக்கு அயர்லாந்து. இரண்டு கரைக் கதைகளையும் ஒன்றாகப் பின்னிவிடுவார். சென்னைக்கு வந்திருந்தவரைக் கெஞ்சிக் கூத்தாடி, பாரிவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அரங்குக்கு வரவழைத்துவிட்டேன். ஒருங்கிணைப்பாளர், மொழிபெயர்ப்பாளர், மைக் சோதிப்பவர் எல்லாம் நானே. (யாராவது கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.)

காரில் வரும்போது பாடி மேம்பாலத்துக்குக் கீழே லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். "கேட்க வருபவர்களிடம் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள்" என்று அபீனா ஆரம்பித்தார். "எல்லாம் சொல்லியாச்சு, கவலையே படாதீங்க" என்று மறித்து, ஆப்பிரிக்கக் கதைமரபு பற்றி அவருக்கே வகுப்பெடுத்தேன். பாவம், லாரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கேட்க வருபவர்களிடம் நான் சொல்லிவைத்தது இதுதான்: நடுவில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. சேக்காட்டிலிருந்து வந்திருந்த தேவகி அத்தைக்கு மட்டும் தனி எச்சரிக்கை.

"வெளிநாட்டுக் கலைஞர், அத்தை. பேசி மானத்த வாங்கிடாதீங்க."

"நான் இன்னாத்துக்கு நைனா பேசப்போறேன்? வாயத் தெச்சிகினு உக்காந்துக்கறேன், போதுமா?"

விளக்குகள் அணைந்தன. அபீனா வெறுங்காலோடு நடுவில் வந்து நின்று, கை தட்டி, நீளமாக ஒரு குரல் கொடுத்தார். "இது ஓர் அழைப்பு" என்று மொழிபெயர்த்தேன். ஒருவரும் அசையவில்லை. (எனக்கு ஒரே பெருமை.) கடல் கொண்டுபோன மகளைத் தேடி ஒரு தாய் படகேறினாள். மறுபடி அந்தக் குரல், மறுபடி அமைதி. அலை உயர்ந்தது. மீண்டும் குரல், மீண்டும் அமைதி. தாய் நடுக்கடலில் இருக்க, அபீனா கதையை நிறுத்திவிட்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஓடிப்போய்க் குனிந்தேன்.

"எங்கம்மா ஊரில் கேட்கிறவர்கள் பதில் குரல் கொடுத்தால்தான் கதை நகரும்" என்றார் மெதுவாக. "இவர்களுக்கு வேண்டாம் போலிருக்கிறது. கட்டாயப்படுத்தக் கூடாது. முடித்துக்கொள்ளலாம்."

காரில் சொல்ல வந்தது அதைத்தான். மைக்கும் கையுமாகக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். உலகத்தில் பாதியைத் தாண்டி வந்த கதை, என்னால் பாரிவாக்கத்தில் சாகப்போகிறது.

அப்போது கடைசி வரிசை இருட்டிலிருந்து, "உம்."

"உஷ்!" என்றேன், அனிச்சையாக. மைக்கில்.

அத்தை எழுந்தே விட்டார். "இன்னாடா உஷ்ஷு? அந்தப் பொம்பள நட்டநடுக் கடல்ல தவிச்சிகினு கீறா, இவன் உஷ்ஷுன்றான்! உம் கொட்டாத கூட்டத்துக்கு எவ கதை சொல்லுவா? நீ சொல்லும்மா. பொண்ணு கெடச்சாளா? உம்!"

அபீனாவுக்கு அதில் ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனாலும் முகம் மலர எழுந்து நின்றார். அத்தையின் உம்மைப் பக்கத்து வரிசை பிடித்துக்கொண்டது, பிறகு முன்வரிசை ஐ.டி. கனவான்களும். அபீனா செய்ததுதான் வித்தை: அந்த உம்மையே துடுப்பாக்கிக்கொண்டார். ஒவ்வொரு உம்முக்கும் அவர் உடல் வளைந்து பின்னே சாய்ந்தது. படகு முன்னே போனது. நாற்காலி நாற்காலியாக நாங்கள் எல்லோரும் அந்தப் படகை ஓட்டினோம். அதற்கப்புறம் நான் ஒரு வரிகூட மொழிபெயர்க்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. இருட்டுக்குள் கை நீட்டி அவர் மகளை மேலே இழுத்தபோது, அங்கே இல்லாத தண்ணீர் சொட்டுவதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் யாராவது யாரையாவது அதட்டி அடக்கினால், எங்கள் குடும்பம் மொத்தமும் "உம்" என்கிறது. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா சத்தம் போட்ட பிள்ளைகளைப் பார்த்து "உஷ்" என்றார். எங்கள் ஆட்கள் காபியும் கையுமாக, "உம்!"

பெண் சிரித்துவிட்டு என்னிடம் ஏன் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை கதையை ஆரம்பித்துவிட்டார். உம் கொட்டுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.