சாம்பிள் சுவரில் சாமி

"அண்ணாச்சி, சுவத்துல எறும்பு ஏறுது!" என்று சித்தாள் பேராச்சி கத்தினாள்.

கான்ட்ராக்டர் ஜெகதீஸ்வரன் சுவரைப் பார்த்து ஓடினார். கடலோரக் கோட்டை ஒன்றைப் பழுதுபார்க்கும் வேலை. முந்நூறு வருஷமாக முட்டி முட்டி அலைதான் ஓய்ந்தது, கோட்டை அசையவில்லை. அடடா, என்ன கட்டு! அதில் ஒரு கல்லையாவது தொட்டுவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பழைய முறைப்படி சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்து, குற்றாலம் பக்கத்துத் தன் ஊரிலேயே, இலஞ்சி ரோட்டோரம் சாம்பிள் சுவர் கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து சுத்தியலால் உடைத்துப் பார்ப்பார். தேறினால்தான் வேலை.

கருப்பட்டி இருந்தால் எறும்பு வராமல் இருக்குமா? சுவர் முழுக்க மஞ்சள்பொடி பூசினார். குற்றாலச் சாரல் அதைக் கழுவப் பார்த்தது. மனைவி உமாதேவியின் பழைய சிவப்புச் சேலையைச் சுற்றினார். காற்று சேலையைத் தூக்கியது. மேலே ஒரு கம்பியை நட்டு இறுக்கிக் கட்டினார்.

"ஏங்க, இனி எலுமிச்சம்பழம் ஒண்ணுதான் பாக்கி" என்றாள் உமாதேவி.

மறுநாள் அதுவும் வந்துவிட்டது. கம்பி நுனியில் எலுமிச்சம்பழம், சுவரில் அரளிப்பூ! அருவிக்குப் போகிறவர்கள் காரை நிறுத்திக் கும்பிட்டார்கள். பேராச்சி குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"திருச்செந்தூர் கடல்தண்ணி அண்ணாச்சி! நூத்தியெட்டுக் குடம்!"

"அடிப்பாவி! சாமியும் இல்ல, ஒண்ணுமில்ல. அது என் சாம்பிள்ட்டி!"

யார் கேட்டார்கள்? வெள்ளிக்கிழமை அதிகாரி விஸ்வேஸ்வரன் சுத்தியலை எடுத்ததும் கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"சாமி மேலயா கை வைக்கிய?"

அவர் சுத்தியலைப் பைக்குள் போட்டார். "உடைச்சுப் பாக்காம நான் எப்படிங்க கையெழுத்துப் போடுறது?"

போச்சு, கோட்டை போச்சு. ஜெகதீஸ்வரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி சுவரைத் தொட்டுப் பார்த்தார். "ஆமா, ஈரமா இருக்கே, என்ன தண்ணி?"

"கடல்தண்ணி சார். மூணு நாளா ஊத்துதோம்" என்றது கூட்டம்.

அதிகாரி நகத்தால் சுவரைச் சுரண்டினார். ஒரு பொட்டு உதிரவில்லை.

"அந்தக் காலத்து ஆளுங்க ஆளுங்கதான்யா! கடல் பாக்குற கோட்டைக்கு இதைவிட என்ன டெஸ்ட் வேணும்? வேலையை ஆரம்பிங்க."

ஜெகதீஸ்வரன் சுவரைப் பார்த்துக் கைகூப்பியே விட்டார். "பேராச்சி, நெசமாவே சாமிதான்ட்டி!"

பேராச்சி குரலைத் தாழ்த்தினாள்.

"சும்மா இரிங்க அண்ணாச்சி. பத்து நாளு கை கடுக்க அரைச்சவ நான், அத உடைக்க விட்டிருவனா? பூ வச்சது நாந்தான். கடல்தண்ணி, நம்ம முக்குக்கடை கல்லுப்பு கரைச்சது."