ஏமாறாதவர் வாங்கிய ஸ்பீக்கர்கள்

உலகத்தில் ஏமாற்றுகிறவர், ஏமாறுகிறவர் என்று இரண்டே இனம்தான் உண்டென்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அவர் உங்களை ஏமாற்றியிருக்கிறார். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அதற்குப் பெயர் ஏமாறாதவர்.

கனடாவின் ஸ்காபரோவில் இவர்களைத் தேடி அலையவேண்டியதில்லை. நீங்கள் பழைய கார் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தியதும், ஒன்பதாம் மாடியிலிருந்து இறங்கி வந்து, ரயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, பொனற்றைத் திறக்கச் சொல்லி, உள்ளே எதையும் பார்க்காமலே மூடிவிட்டு, "எவ்வளவுக்கு எடுத்தனீர்?" என்று கேட்பவர்தான் அவர். நீங்கள் என்ன தொகை சொன்னாலும் பதில் ஒன்றுதான்.

"உம்மை நல்லாச் சுத்திப்போட்டாங்கள்."

சும்மா கிடைத்தது என்று சொல்லிப் பாருங்களேன். "சும்மா தாறவனுக்குத்தான் பயப்பிடவேணும்!"

மோர்னிங்சைட்டில் குடியிருந்த தியாகலிங்கம் இந்த இனத்தின் முதல்தரச் சரக்கு. ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர். இங்கே பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் மூடிகளை எண்ணிப் பெட்டியில் போடுகிறவர். ஊருக்குத் தொலைபேசி எடுக்க ஐந்து டொலர் அட்டை வாங்கினால், கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். மறுமுனையில் மச்சான் தன் நெஞ்சு வருத்தத்தை விவரித்துக்கொண்டிருக்கையில், "பொறும், ரெண்டு நிமிசத்தைக் களவெடுத்திட்டாங்கள்" என்று கத்துவார். மச்சானுக்கு என்ன நோய் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

இப்படிப்பட்டவருடைய கையில் 1994ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் அகப்பட்டது. வெக்ஸ்போர்ட் பக்கத்து நூலகத்தில் எடுத்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அரபு நாட்டு எத்தர்களைப் பற்றியது. பக்தாத்திலும் கெய்ரோவிலும் சந்தைக்குச் சந்தை திரிந்து பிழைத்தவர்களின் வித்தைகள் அதில் வரிசையாக இருந்தன. நல்ல கண்ணின் இமைகளைப் பசை போட்டு ஒட்டிக் குருடராக நடித்தவர்கள். அந்நியரிடம் சிறைப்பட்டுத் தப்பி வந்ததாகப் பள்ளிவாசல் வாசலில் அழுதவர்கள். பல்வலிக்காரனின் வாய்க்குள் விரலை விட்டு, விரலிடுக்கில் ஒளித்துவைத்திருந்த புழுவையே எடுத்துக் காட்டிப் பணம் வாங்கிய வைத்தியர்கள்.

தியாகலிங்கம் சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் மனைவிக்கு நடித்துக் காட்டினார். கமலாம்பிகை புட்டைக் குழைத்தபடி ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் புழு உயிரோடையோ?"

"உதே இப்ப கேள்வி? ஆள் எப்பிடி ஏமாத்திறான் எண்டு பாரும்!"

அவருக்கு மிகவும் பிடித்தவன் ரசவாதி. கரித்துண்டைக் குடைந்து, பொன் துகளை உள்ளே வைத்து, மெழுகால் அடைத்துவிடுவான். பணக்காரன் ஒருவனின் கண்முன்னே அந்தக் கரியை உலையில் போடுவான். கரி எரிந்ததும் அடியில் பொன் மினுங்கும். பிறகு, "இது பெரிய இரகசியம், வெளியில் விட்டுவிடாதீர்கள்" என்று காதில் சொல்வான். அந்த நிமிடமே பணக்காரன் தன்னை எத்தனுக்குக் கூட்டாளியாக நினைக்கத் தொடங்கிவிடுவான். "அதுதான் சூட்சுமம்," என்பார் தியாகலிங்கம். "ஏமாறப் போறவனுக்கு, தான் ஆரையோ ஏமாத்திறன் எண்ட நினைப்பு வரவேணும்."

வாசகர் வட்டத்தில் பேசும்படி கேட்டார்கள். நவம்பர் கடைசி ஞாயிறு, அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபம், தலைப்பு: 'எத்தர்களிடம் தப்புவது எப்படி?' அவரைவிட்டால் வேறு யார் பேசுவது?

அதற்கு எட்டு நாள் முந்தி, ஒரு சனிக்கிழமை பகல், மனைவிக்குக் குளிர்கோட் வாங்கப் புறப்பட்டார். கமலாம்பிகை கனடா வந்த முதல் குளிருக்குத் தேவாலயத்தில் இலவசமாகக் கொடுத்த கோட்டையே நான்காவது ஆண்டாகப் போட்டுக்கொண்டிருந்தார். அதன் சிப் பழுதாகி, நெஞ்சருகே மூன்று சேப்டிப் பின்கள். கோட்டுக்கென்று ஒதுக்கிய நூற்றறுபது டொலர் தியாகலிங்கத்தின் உட்பையில் இருந்தது.

பிளாசா வாகனத் தரிப்பிடத்தில் சாம்பல் நிற வான் ஒன்று அவருக்குப் பக்கத்தில் வந்து மெல்ல நின்றது. உள்ளே இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள். ஒருவன் தலையை நீட்டி, "சேர், ஸ்பீக்கர் வேணுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். களஞ்சியத்தில் தவறுதலாக ஒரு சோடியைக் கூடுதலாக ஏற்றிவிட்டார்களாம். திருப்பிக் கொண்டுபோனால் முதலாளிக்குத்தான் லாபமாம். பளபளக்கும் விலைப் பட்டியலைக் காட்டினான்: இரண்டாயிரம் டொலர். பிறகு இரண்டு பக்கமும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "முதலாளிக்குத் தெரியாது" என்றான்.

தியாகலிங்கத்துக்கு மணி அடித்திருக்கவேண்டாமா? அடித்தது. ஆனால் வேறு மணி. முதலாளியைச் சுத்துகிற இரண்டு முட்டாள் பொடியன்கள், சாமானின் பெறுமதி தெரியாதவர்கள், சீக்கிரம் தள்ளிவிட்டு ஓடப் பார்க்கிறார்கள்; இவர்களை நான் மடக்காவிட்டால் வேறு யாரோ மடக்கப் போகிறான்! ஒன்றை விற்றால் கோட் இரண்டு வாங்கலாம், மற்றது வீட்டுக்கு.

அவர்கள் நானூறு கேட்டார்கள். இவர் சிரித்தார். முந்நூறு. இவர் திரும்பி நடந்தார். கூப்பிட்டார்கள். கடைசியில் நூற்றறுபதில் வந்து நின்றது. அவருடைய பையில் இருந்ததும் சரியாக அவ்வளவுதான். தன் பேரத் திறமையைத் தானே வியந்துகொண்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டிகள் பொல்லாத பாரம். "பாரத்தைப் பாத்தாலே தரம் தெரியும்" என்று, தூக்க உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பஸ்ரியனிடம் மூச்சிரைக்கச் சொன்னார். கமலாம்பிகை வாசலில் நின்று பெட்டிகளைப் பார்த்தார். கோட் இருக்கிறதா என்று அவற்றின் பின்னாலும் பார்த்தார்.

நாதஸ்வர ஒலிநாடாவைப் போட்டார்கள். நாதஸ்வரத்துக்குப் பதிலாக, போத்தலுக்குள் அடைபட்ட நுளம்பு ஒன்று 'ஙொய்' என்று மெலிதாக அழுதது.

"வயர் பிழையாக்கும்," என்றார் தியாகலிங்கம்.

பஸ்ரியன் திருப்புளியால் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே குழந்தையின் உள்ளங்கை அளவில் ஒரு குட்டி ஸ்பீக்கர். அடியில், நன்றாகப் பசை போட்டு ஒட்டிய ஒரு கொங்கிரீற் கல்.

"அண்ணை," என்றார் பஸ்ரியன், "தரம் இதுதான் போல."

கமலாம்பிகை திட்டவில்லை. திட்டியிருந்தால் தியாகலிங்கம் தாங்கியிருப்பார். மனைவியோ பழைய கோட்டைப் போட்டு, மூன்று பின்களையும் ஒவ்வொன்றாகக் குத்தி, வேலைக்குப் போய்விட்டார். தியாகலிங்கம் யன்னலருகே நின்று, பஸ் தரிப்பில் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் அந்தக் கோட்டைப் பார்த்தார். அன்று மீதிப் பொழுது முழுவதும் அவர் யாரிடமும் எதன் விலையையும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் முழுக்கக் காய்ச்சல் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"கூட்டத்துக்கு நான் போகேல்லை. எந்த முகத்தோட போறது?"

"போங்கோ," என்றார் கமலாம்பிகை. "அரபுக்காரன்ர கதையோட உங்கட கதையையும் சொல்லுங்கோ. ஆயிரம் வருசத்துக்கு முந்தி ஏமாந்தவனை ஆர் கண்டது? உங்களை எல்லாருக்கும் தெரியும்."

போனார். சொன்னார். குருடனையும் புழுவையும் சொன்னபோது மூன்று பேர் தூங்கினார்கள். ரசவாதியிடம் வந்ததும் தொண்டையைச் செருமி, "இனி நான் வாங்கின ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லப் போறன்" என்றார். தூங்கியவர்கள் விழித்தார்கள். நூற்றறுபது டொலருக்குப் பேரம் பேசியதைச் சொன்னபோது மண்டபம் குலுங்கியது. கல்லைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த எமில்டா அன்ரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தியாகலிங்கமும் சிரித்தார். முதலில் மரியாதைக்கு; பிறகு, தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உண்மையாகவே. இத்தனை ஆண்டு காவல் காத்த எதையோ இறக்கிவைத்ததுபோல உடம்பு இலேசாக இருந்தது.

நான்கு சனிக்கிழமை மேலதிக வேலை செய்து, கிறிஸ்மசுக்கு முன் கோட்டை வாங்கிக் கொடுத்தார். கமலாம்பிகை கடைக்குக் கூடவே போனார். சிப்பை ஐந்து தரம் மேலும் கீழும் இழுத்துப் பார்த்தபிறகே காசு கொடுக்க விட்டார்.

ஆனால் கூட்டம் முடிந்த அன்று நடந்ததையும் சொல்லவேண்டும். எல்லோரும் தேநீருக்குப் போனபின், ஓய்வுபெற்ற கணக்காய்வாளர் ஸ்ரீஸ்கந்தராசா மெல்லக் கிட்ட வந்து, தியாகலிங்கத்தின் முழங்கையைப் பிடித்து ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார்.

"அந்த வான் எந்தப் பிளாசாவில நிண்டது?"

"ஏன் அண்ணை, பொலிசுக்குச் சொல்லவோ?"

"சீ! உமக்குப் பேரம் பேசத் தெரியேல்லை. நான் எண்டால் எண்பதுக்கு முடிச்சிருப்பன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: இதை வாசித்துக்கொண்டு வரும்போது, 'நானாக இருந்தால் காசு கொடுக்கமுன் பின்பலகையைக் கழற்றிப் பார்த்திருப்பேன்' என்று உங்களுக்கு ஒருமுறையாவது தோன்றவில்லையா?

கழற்றிப் பார்ப்பவர்களுக்கென்று அந்த வான்காரர்களிடம் வேறொரு பெட்டி இருக்கிறது.