ரோஜாப் புதருக்குள் நலமாக இருந்தவர்

ஹடர்ஸ்ஃபீல்டு,
ஜூன் 9, 1974

அன்புத் தம்பி கிளிஃபோர்டுக்கு அக்கா மேவிஸ் எழுதிக்கொள்வது. ஆஸ்திரேலியாவில் நீயும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே சௌக்கியமில்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நான் சந்தைக்குப் போயிருந்தேன். உன் அத்தான் ஹோரஸ், கூரைக் குழாயில் அடைத்திருந்த சருகை எடுக்கிறேன் பேர்வழி என்று ஏணியில் ஏறி, ஏணியோடு ரோஜாப் புதருக்குள் விழுந்துவிட்டார். இடது கால் முறிந்து எழுந்திருக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு சிரில் நாயோடு வந்து, வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன ஹோரஸ், எப்படி இருக்கீங்க?" என்றாராம். இந்த மனுஷன் "ஐயோ, காலு போச்சு, ஓடி வாங்க" என்று அலற வேண்டாமா? "நல்லா இருக்கேன், நீங்க?" என்றிருக்கிறார்!

"ஏதோ ஓடுது. சாயங்காலம் மழை வரும் போலிருக்கே?"

"செடிக்கு நல்லதுதானே."

சிரில் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்து தபால்காரர் ரெஜி. "வெயிலுக்கு இதமாப் படுத்திருக்கீங்க போல" என்று தபாலை நெஞ்சின் மேலேயே வைத்தார். அதற்கு இவர் நன்றி வேறு! ஒன்றரை மணி நேரம், தம்பி.

நான் வந்தபோது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "ஏன் கூப்பிடலை?" என்றேன்.

"எப்படி இருக்கீங்கன்னுதானே கேட்டாங்க, மேவிஸ். என்ன ஆச்சுன்னு யாரும் கேட்கலையே."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நலம் விசாரித்தாள். "மோசமில்லைம்மா" என்றார். அவள் அடுத்த கட்டிலுக்கு நகர, நான் அவள் கையைப் பிடித்து, "பொய் சொல்றார், காலைப் பாருங்க!" என்று கத்தினேன். நான் துணியில்லாமல் நிற்பது போல வார்டே திரும்பிப் பார்த்தது. இன்னும் தாமதித்திருந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்குமாம். கட்டுப் போட்டு முடித்ததும் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குது, மேவிஸ்" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் இதுவே முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனி இந்த வீட்டில் யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன். நீயும் ஒளிக்காமல் எழுது. பிள்ளைகளுக்கு முத்தங்கள். ஆண்டவன் உங்கள் எல்லாருடைய கால்களையும் காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
மேவிஸ்

பி.கு.: தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தபோது நீயே ஃபோன் செய்துவிட்டாய். "எல்லாரும் எப்படி இருக்கீங்க அக்கா?" என்றாய். "நல்லா இருக்கோம்ப்பா, புதுசா ஒண்ணுமில்லை" என்று என் வாய் முந்திக்கொண்டது. அப்புறம் உங்கள் ஊர்க் குளிரைப் பற்றியே பேசி முடித்தோம். ஆகையால் மேலே எழுதியது எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்.